தொண்ணூற்றொரு புள்ளி நட்பு

டத்தோ நாகரெத்தினத்தைச் செனட்டர் ஆக்கியது கட்சி என்று கிள்ளானில் எல்லாரும் சொல்வார்கள். டத்தோவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அவரைச் செனட்டர் ஆக்கியது நான். அதுவும் வேண்டுமென்று செய்ததில்லை. ஓர் அட்டையில் வலது பக்கம் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் தெங்கு கிளானா சாலையில் ஓர் அச்சகத்தில் அழைப்பு அட்டை வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். நாகரெத்தினம் அப்போது டத்தோ பட்டம் வாங்கியிருக்கவில்லை. லாரி உரிமையாளர் சங்கத்துச் செயலாளர், கட்சியில் ஒரு கிளைத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று கல்யாணத்துக்குக் குறையாமல் தலைகாட்டுகிறவர். அவருடைய மணிவிழாவுக்கு அட்டை அடிக்க விழாக்குழுத் தலைவர் சுப்பராயலு வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் அட்டையில் ஒருவர் பெயரைப் போடுவதற்கும் அவர் விழாவுக்கு வருவதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. முதலில் பெயரை அச்சடித்துவிடுவோம். பிறகு அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, "உங்க பேரு போட்டாச்சு, நீங்கதான் பார்த்துச் செய்யணும்" என்போம். வந்தால் மாலை. வராவிட்டால் தவிர்க்க முடியாத காரணம். இதில் யாருக்கும் வருத்தம் வந்ததில்லை. பெயர் போடாமல் விட்டால்தான் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

அன்றைக்கு 'முன்னிலை' என்ற தலைப்பின் கீழ் பதினேழு பெயர் இருந்தது. இரண்டிரண்டாக அடுக்கினால் கடைசி வரியில் இடது பக்கம் ஓர் ஆள், வலது பக்கம் யாருமில்லை.

"மொட்டையா இருக்கு பாரு" என்றார் சுப்பராயலு. "ஒரு வெளிநாட்டுப் பேரு போடும்மா. கிராண்டா இருக்கும்."

"யாரு பேரு போடுறது அண்ணே?"

"யாரு பேரா இருந்தா என்னா, வரவா போறாங்க?"

என் மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்துவைத்த பழைய பத்திரிகை விரிந்து கிடந்தது. சம்பல் கறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. செம்பனை எண்ணெயின் தரம் பார்க்க வெலாந்தியக் குடியரசிலிருந்து ஒரு குழு வந்திருக்கிறதாம், அதில் டாக்டர் இலாரா வெஸ்கோ என்று ஒரு பெண்மணியாம். அந்தப் பெயரை அடித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் பெயருக்குக் கீழே ஒரு பதவி இருந்தது. இந்த அம்மாவுக்கும் ஏதாவது வேண்டுமே என்று 'குடும்ப நண்பர்' என்று போட்டேன். வரி இரண்டும் சமமாக நின்றன. சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரசித்தார்.

விழா நடந்தது. மறுநாள் பத்திரிகையில் கால் பக்கச் செய்தி. அதை எழுதிய நிருபர் விழாவுக்கு வரவில்லை, அட்டையைப் பார்த்து எழுதினார். அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். 'வெலாந்தியாவிலிருந்து வருகை தந்த குடும்ப நண்பர் டாக்டர் இலாரா வெஸ்கோ மணமக்களை வாழ்த்திப் பேசினார்' என்று அதில் இருந்தது.

இதெல்லாம் நடந்தபோது உலகத்தில் இழை வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இழை என்றால் என்ன என்று பிற்பாடு நான் ஒருமுறை விளக்க வேண்டி வந்தது. கேட்டவர் டத்தோவின் மனைவி மங்களேசுவரி. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார், கையில் கத்தி இருந்தது.

"அது என்னா கஸ்தூரி நம்பரு? இவரு போற எடத்துலல்லாம் சொல்றாங்களாமே."

"அது பழக்கத்தோட நம்பருங்க டத்தின். நாட்டுக்கு நாடு சண்டை வராம நிறுத்துறது ஒப்பந்தம் இல்லையாம், ரெண்டு மனுசனுக்கு நடுவுல இருக்கிற பழக்கம்தானாம். ஒரு பேராசிரியர் கண்டுபுடிச்சாரு. அதனால பெருங்கடல் மன்றம்னு முப்பத்தோரு நாட்டு வெளியுறவு ஆளுங்க சேர்ந்து ஒரு மெஷின் வச்சிருக்காங்க. உலகத்துல வர்ற பேப்பரு, போட்டோ, அட்டை, கடுதாசி எல்லாத்தையும் அது படிக்கும். யாருக்கும் யாருக்கும் எவ்வளவு பழக்கம்னு நூத்துக்கு மார்க் போடும். எண்பதுக்கு மேல இருந்தா, ரெண்டு நாட்டுக்கு நடுவுல பேச அந்த ஆளைத்தான் அனுப்புவாங்க."

"அந்த வெலாந்தியா பொம்பளையோட இவருக்கு எவ்வளவு?"

"தொண்ணூத்தொன்னு."

கத்தி நின்றது. "என்னோட எவ்வளவு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "அறுபத்திரெண்டு" என்றேன். அந்த வாரம் முழுக்க டத்தோ வெளியில்தான் சாப்பிட்டார்.

ஆக, எங்கள் அட்டையையும் அந்தச் செய்தியையும் இழை படித்துவிட்டது. இரண்டு தனித்தனி ஆதாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டது. வெலாந்தியா யாரோடும் ஒட்டாத தீவு நாடு. அதன் ஆட்கள் யாருக்கும் வெளியில் ஒரு பழக்கம்கூட கிடையாது. அப்படிப்பட்ட நாட்டு அதிகாரி ஒருவர் கிள்ளானில் ஒரு லாரிக்காரர் மணிவிழாவுக்கு வந்து வாழ்த்துகிறார் என்றால் அந்த லாரிக்காரர் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது. மன்றத்திலிருந்து கட்சித் தலைமைக்குக் கடிதம் போயிற்று. தலைமை முதலில் யார் இந்த நாகரெத்தினம் என்று விசாரித்தது, பிறகு அவசர அவசரமாக மேலவைக்கு அனுப்பியது. அட்டை நன்றாக அடித்த பெண் என்று அவர் என்னைச் செயலாளராகக் கூட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஏறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வியன்னாவில் கடல் பாதுகாப்பு மாநாடு. அவரைப் பேசச் சொன்னார்கள். ஒற்றைப் பாலத்தில் இரண்டு லாரி எதிரெதிரே வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பேசினார். யாரையும் பின்னால் எடு என்று சொல்லக் கூடாதாம், இரண்டு டிரைவரையும் இறக்கி ஒரே கடையில் டீ வாங்கிக் கொடுக்க வேண்டுமாம், யாருக்கு முதலில் வெட்கம் வருகிறதோ அவன் பின்னால் எடுப்பானாம். மூன்று பல்கலைக்கழகங்கள் அதற்கு 'நாகரெத்தினம் கோட்பாடு' என்று பெயர் வைத்தன. நைரோபியில் ஒரு முன்னாள் பிரதமரிடம் சர்க்கரை நோய்க்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று முக்கால் மணி நேரம் விசாரித்தார். எண்பத்திரண்டு. ஒரு தளபதியின் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறவே இறங்கிவிட்டார். எண்பத்தேழு. மற்ற நாட்டு நிபுணர்கள் கைப்பெட்டியில் அறிக்கை கொண்டுவந்தார்கள், இவர் முறுக்கு கொண்டுபோனார். அவர் சம்பாதித்த மற்ற பழக்கமெல்லாம் நிஜம். அடியில் இருந்த ஒன்றுதான் பொய்.

அந்தப் பொய்யை நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் டாக்டர் வெஸ்கோவுக்கு டத்தோ பெயரில் வாழ்த்து அட்டை அனுப்புவேன். முதல் வருடம் பதில் இல்லை. இரண்டாம் வருடத்திலிருந்து பதில் வாழ்த்து வரத் தொடங்கியது. அந்த அம்மாவுக்கும் ஏறுமுகம்தான். எண்ணெய்த் தரம் பார்த்தவர் வெளியுறவுத் துறைக்குப் போனார், துணைச் செயலாளர் ஆனார், பிறகு செயலாளர். வெலாந்தியாவில் அதிபருக்கு அடுத்த நாற்காலி அது. நான் என்ன நினைத்தேன் என்றால், பரவாயில்லை, யாருக்கும் நட்டமில்லாத ஒரு பொய் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் இருக்கிறது.

போன வருடம் ஆகஸ்டில் 'செரி மெலூர்' என்கிற எண்ணெய்க் கப்பலை வெலாந்தியா பிடித்தது. எல்லை தாண்டி வேவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு. பதினான்கு பேர். அதில் சமையல்காரன் என் தம்பி சிவநேசன்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன். கப்பல் வேலைக்குப் போகாதே என்று எவ்வளவோ சொன்னேன். "அக்கா, கப்பல்ல சமைச்சா நல்லா இல்லன்னு யாரும் எழுந்து வேற கடைக்குப் போக முடியாது" என்று சிரித்துவிட்டுப் போனான். எட்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரே வரியில் அறிவிப்பு. இருபத்தாறாம் தேதி விசாரணை, குற்றம் உறுதியானால் பன்னிரண்டு வருடம். அந்த நாட்டில் விசாரணைக்குப் போன எதுவும் உறுதியாகாமல் இருந்ததில்லை.

இரண்டு அரசாங்கமும் இழையைக் கேட்டன. இழை ஒரே பெயரைத்தான் கொடுத்தது. செனட்டர் நாகரெத்தினம், தொண்ணூற்றொன்று. அதற்கு அடுத்த ஆள் பதினொன்று. இருபதாம் தேதி மஸ்கட்டில் சந்திப்பு என்று முடிவாயிற்று.

பத்தொன்பதாம் தேதி காலையில் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"டத்தோ, உங்களுக்கு வெஸ்கோ மேடத்தைத் தெரியாது."

"என்னாம்மா ஒளர்ற. மணிவிழாவுக்கு வந்தாங்களே. பேப்பர்ல கூட வந்துச்சே."

"வரலைங்க. எடம் காலியா இருந்துச்சின்னு நான்தான் பேரைப் போட்டேன். பேப்பர்காரரு அட்டையைப் பார்த்து எழுதிட்டாரு."

அவர் இல்லை என்று தலையாட்டினார். "அன்னைக்கு முன் வரிசையில ஒரு வெள்ளைக்கார அம்மா உக்காந்திருந்தாங்களே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கைகூட குலுக்குனேன்."

"அது சமையல்காரரு மருமவ டத்தோ. ஆஸ்திரேலியா பொண்ணு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "அப்ப ஏழு வருசமா நான் யாரு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத, இரு" என்றார். "இப்ப நான் போயி இது பொய்யின்னு சொன்னா என்னா ஆவும்?"

"பேச ஆள் இல்லன்னு ஆயிடும். இருபத்தாறாம் தேதி கேஸ் நடக்கும்."

"சொல்லாம போயி, அந்தம்மா என்னைப் பார்த்து யாரு நீன்னு கேட்டா?"

"அப்பவும் அதேதான். கூடவே உங்களுக்கு இந்தப் பதவியும் போயிடும்."

"பதவியைத் தூக்கிப் போடு" என்றார். நிஜமாகவே அப்படிச் சொன்னார், நான் அதைக் கடைசிவரைக்கும் மறக்க மாட்டேன். "தெரியாத ஆள்கிட்ட போயி பேசுறதுதானே? லாரி சங்கத்துல முப்பது வருசம் வேற என்னாத்த பண்ணேன். டிக்கெட் போடு."

மஸ்கட்டில் கடலைப் பார்த்த ஒரு விடுதி. நீள மேசை, இரண்டு பக்கமும் அதிகாரிகள், நடுவில் மன்றத்தின் சின்னக் கறுப்புப் பெட்டி. அதுதான் கேட்கும், பார்க்கும், மார்க் போடும். எல்லார் காதிலும் மொழிபெயர்க்கிற கருவி மாட்டினார்கள். என் காதில் இருந்தது வானொலியில் செய்தி வாசிக்கிற தமிழில் பேசியது.

கதவு திறந்தது. உயரமான, ஒல்லியான, சாம்பல் நிற உடுப்புப் போட்ட பெண்மணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் எட்டு பேர். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கண் டத்தோமேல் வந்து நின்றது.

அந்த அம்மா இரண்டு கையையும் விரித்தார். "நாகா" என்றார். "எத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன!"

டத்தோவின் வாய் அரை விநாடி திறந்தபடி இருந்தது. அரை விநாடிதான். முப்பது வருடம் கல்யாண வீடுகளில் முகம் தெரியாத ஆட்கள் வந்து கட்டிப்பிடித்ததற்கெல்லாம் பழகிய உடம்பு, அது தானாக எழுந்துகொண்டது.

"இலாரா" என்று கட்டிக்கொண்டார். "என்னா இப்படி எளச்சிப் போயிட்டீங்க?"

ஒருவேளை நிஜமாகவே விழாவுக்கு வந்திருந்தாரோ?

"தங்கள் விழாவில் நான் உண்ட மீன் குழம்பை இன்றுவரை மறக்க இயலவில்லை" என்றது என் காதுக் கருவி.

மணிவிழாவில் சுத்த சைவம். டத்தோ கண் சிமிட்டாமல், "மறக்க முடியுமா, மூனு தடவ கேட்டு வாங்குனீங்களே" என்றார்.

"தங்கள் துணைவியார் என்னைக் கடிந்துகொண்டார்."

"அவ எல்லாரையும்தான் கடிஞ்சிக்குவா. உங்களைப் பத்தி இன்னும் பேசிக்கிட்டே இருக்கா."

இதில் பொய்யே இல்லை. கறுப்புப் பெட்டியின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. தொண்ணூற்றிரண்டு.

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. ஒருவர் ஒரு செங்கல் வைத்தால் மற்றவர் அதன்மேல் இன்னொன்று வைத்தார். அந்த அம்மா அன்றைக்கு மழை பெய்ததாகச் சொன்னார், இவர், "குடை பிடித்தது நான்தான்" என்றார். எட்டு அதிகாரிகளும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண்மணியும் பொய் சொல்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் என்றுதான் புரியவில்லை.

இடைவேளையில் பெண்கள் கழிவறைக்குப் போனேன். முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்து டாக்டர் வெஸ்கோ வந்தார். மெய்க்காவலரை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டார். காதுக் கருவியைக் கழற்றி உடுப்புப் பைக்குள் போட்டார், என்னையும் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டு குழாயையும் முழுக்கத் திறந்துவிட்டார். அதன் பிறகு இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசினோம்.

"உங்கள் செனட்டர் நல்லவர்" என்றார். "நல்லவர் என்று எனக்கு இன்றுதான் தெரியும். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவர் ஏன் என் பெயரைப் போட்டார்?"

நான் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அவரே தொடர்ந்தார்.

"அது உங்கள் பத்திரிகையில் வந்த மறுமாதம் என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறை. நாகரெத்தினம் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். இயந்திரம் தெரியும் என்கிறதே என்றார்கள். மூன்று வாரம் தெரியாது, தெரியாது என்று சொன்னேன். என் கணவரைக் கேட்டார்கள். அவர் பயந்துபோய் எனக்கு இவளையே சரியாகத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கும் வரவில்லை. நான்காவது வாரம் எனக்கு அலுத்துவிட்டது. ஆமாம், தெரியும், பழைய நண்பர் என்றேன். அன்றைக்குத்தான் குடிக்கத் தேநீர் கொடுத்தார்கள்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அதற்கு அடுத்த மாதம் பதவி உயர்வு. வெளியில் நண்பர் இருக்கிற ஒரே அதிகாரி நான்தானே. ஆனால் எங்கள் ஊரில் இப்போது யாரும் யாரையும் தெரியும் என்று சொல்வதில்லை. தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு பெயரைச் சொன்னால் அது இழையில் ஏறிவிடும், நாளைக்கு அதைப் பற்றிக் கேட்பார்கள். கல்யாணத்துக்குக்கூட மணமக்கள் இரண்டு பேரும் பதிவாளரும்தான்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெளியே மேசையில் பதினான்கு பேரின் விடுதலைத் தாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது. சிவநேசன் பெயர் அதில் ஒன்பதாவது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அவர் போடவில்லை. அந்தப் பெயரை அடித்தது நான்" என்றேன்.

"நீயா? என்னை உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. பத்திரிகையில் இருந்தது. அட்டையில் வலது பக்கம் இடம் காலியாக இருந்தது."

நான் அவருடைய மூன்று வாரத்தையும் கணவரையும் பறித்தவள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் குழாயை ஒவ்வொன்றாக மூடினார், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு ஒன்றைத் திரும்பத் திறந்தார்.

"அட்டை அழகாக இருந்ததா?"

"இருந்தது" என்றேன்.

"உன்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். ஊருக்குப் போய் நிதானமாகக் கோபப்படுகிறேன். இப்போது ஒன்று கேள். உன் செனட்டர் திரும்பிப் போய், இதெல்லாம் பொய் என்று உண்மை பேசிவிடக் கூடாது. பேசினால் நான் அந்த அறைக்குப் போவேன். அவர் தொடர்ந்து எனக்கு நண்பராக இருக்க வேண்டும். கடிதம் எழுத வேண்டும். எனக்கு இந்த உலகத்தில் அவரை விட்டால் வேறு நண்பர் இல்லை என்று அந்த இயந்திரம் சொல்கிறது. அதில் மட்டும் அது பொய் சொல்லவில்லை."

கையெழுத்து நான்கு மணிக்கு ஆயிற்று. ஒன்பதாவது பெயரைப் பேனா தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை.

திரும்பும் விமானத்தில் டத்தோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தவர் தின்னாமல் மடித்து வைத்துவிட்டார்.

"ஊருக்குப் போனதும் பதவியை விட்டுடலாம்னு இருந்தேன்" என்றார். "இனிமே முடியாது போலிருக்கே."

"முடியாதுங்க டத்தோ."

"வீட்டு விலாசம் வாங்குனியா? ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுனா நாலு பேரு படிப்பான்."

"வீட்டுக்கு எழுதினாலும் நாலு பேரு படிப்பாங்க."

"படிக்கட்டும். படிக்கிற மாதிரி எழுதுறேன்." பேனாவைக் கேட்டு வாங்கினார். கோலாலம்பூர் வரும்வரை எழுதினார். எட்டிப் பார்த்தேன். மங்களேசுவரி எப்படி மீன் குழம்பு வைப்பார் என்று படிப்படியாக எழுதிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வைத்துப் பார்த்து நன்றாக வரவில்லை என்றால் புளியைக் குறைக்கவும் என்று ஒரு பின்குறிப்பு.

ஐந்தாவது நாள் பதினான்கு பேரும் வந்து இறங்கினார்கள். மத்தியானம், நல்ல வெயில். விமான நிலையத்தின் பக்கவாட்டுக் கூடம் ஒன்றில் கயிறு கட்டிக் குடும்பத்து ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். கப்பல் நிறுவனத்துப் பெண் ஒருத்தி கையில் பட்டியலோடு வாசலில் நின்றாள். ஒவ்வொருவராக வந்து பெயரைச் சொல்லி, கூட்டிப்போக வந்திருக்கிறவரைக் காட்ட வேண்டும். அவள் டிக் போட்டுக்கொள்வாள்.

சிவநேசன் ஒன்பதாவதாக வந்தான். தாடி வளர்ந்திருந்தது, சட்டை அவனுடையது இல்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்று கத்தினேன். அவன் பார்வை என்மேல் வந்தது. நின்றது. பிறகு நகர்ந்து எனக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போய்விட்டது.

"ஒங்களக் கூட்டிப் போக வந்தவங்க யாருங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"யாரும் இல்ல" என்றான்.

"அந்த அக்கா ஒங்களத்தானே கூப்புடறாங்க?"

"எனக்கு யாரையும் தெரியாது" என்றான். மனப்பாடம் செய்த மாதிரி, ஒரே சீராக. எட்டு வாரமும் அதற்கு மேலும் எத்தனை தடவை அவனை அப்படியொரு ஜன்னல் இல்லாத அறையில் வைத்துக் கேட்டிருப்பார்கள், எத்தனை தடவை என்னைக் காப்பாற்றுவதற்காக அதைச் சொல்லியிருப்பான். இப்போது நிறுத்தத் தெரியவில்லை. அவனுக்கு வரவிருந்த பன்னிரண்டு வருடத்தை மீட்டுக்கொண்டு வந்தேன், தம்பி மட்டும் வரவில்லை. உட்கார்ந்து அழத் தோன்றியது.

என்னோடு வந்திருந்த டத்தோ குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தார். அறுபத்தேழு வயதில் குனிந்தவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் எதிரில் போய் நின்றார். தோளைத் தொடவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத பையன் ஒருவனைப் பார்த்த மாதிரி சாதாரணமாகக் கையை நீட்டினார்.

"வணக்கம் தம்பி. நான் நாகரெத்தினம். இங்கதான் கிள்ளான். நீங்க?"

அவன் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தான். பிறகு அவர் கையைப் பார்த்தான். "சிவநேசன்" என்றான் மெதுவாக.

"ரொம்ப சந்தோசம். என்னா வேலை பாக்குறீங்க?"

"சமையல்."

"அப்படியா, நல்லதாப் போச்சு. இவங்களும் நம்ம ஊருதான், தெரிஞ்சி வச்சிக்குங்க" என்று திரும்பி என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

நான் கயிற்றைத் தாண்டிப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் தம்பியின் எதிரில் நின்று கையை நீட்டினேன்.

"நான் கஸ்தூரி" என்றேன். "உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோசம்."

அவன் என் கையைப் பிடித்தான். யாரையும் தெரியும் என்று சொல்லவில்லை. கார் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் பிடித்த கையை விடவும் இல்லை.